மூன்றாவது புத்தகம்

மத்திய சிறை
4 மார்ச் 2024

அன்புள்ள அக்கா இந்துமதிக்கு,

தம்பி அருண்குமார் எழுதுவது. நான் இங்கே நலம். நீ, மச்சான், தரணிக் குட்டி எல்லோரும் சுகம்தானே? குண்டடத்தில் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்குச் சாப்பாடும் தூக்கமும் பழகிவிட்டன. புத்தகம் பைண்டிங் செய்யும் பிரிவில் வேலை கொடுத்திருக்கிறார்கள். நாளெல்லாம் பசையும் அட்டையும்தான். மாவு வாசம் கையை விட்டுப் போவதில்லை.

போனில் கிடைக்கும் சில நிமிஷத்தில் இதைச் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம். எனக்கு ஒரு புத்தகம் வேண்டும் அக்கா. நீதான் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். உனக்குத் தெரிந்த கதையைத்தான் கீழே எழுதுகிறேன். கடையில் கேட்கும்போது நீ இதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

நீயும் மச்சானும் நடத்தும் நம் சாயப்பட்டறையில் இருக்கும் நான்கு ஹைட்ரோ மெஷினுக்கும் கன்ட்ரோல் போர்டு செய்து புரோகிராம் எழுதியவன் நான். நனைந்த துணியைப் போட்டால் டிரம்மை வேகமாகச் சுற்றித் தண்ணீரைப் பிழிகிற மெஷின். மூடி திறந்திருந்தால் அது ஓடவே கூடாது. மூடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது போர்டுக்குச் சொல்லும், என் புரோகிராம் கேட்டு மோட்டாரை நிறுத்தும். 2022 ஆகஸ்ட்டில் அந்த நாள் அது நிறுத்தவில்லை. மூடி திறந்திருந்தது, டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. மெஷினை ஓட்டிய மூக்கையா அண்ணன் வெளியே தொங்கிய துணியை உள்ளே தள்ளக் கை நீட்டினார்.

பரிசோதிக்க வந்த நிபுணர், புரோகிராம் பாதியில் தொங்கி அப்படியே நின்றுவிட்டது, அதனால்தான் சுவிட்சைக் கவனிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். நானும் கோர்ட்டில் ஒப்புக்கொண்டேன். மேல்முறையீடு வேண்டாம் என்றதும் நான்தான். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் எந்த வரி அக்கா? முப்பத்துநான்கு பக்கம். குற்றப்பத்திரிகையோடு கொடுத்த அச்சுப்படி என்னிடம் இருக்கிறது. மூன்று மாதமாகப் படிக்கிறேன், எங்கே தொங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு மனிதரைக் கொன்ற வரி எது என்று தெரியாமல் வெளியே வந்து மறுபடி ஒரு கீபோர்டில் கை வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் கற்றது கல்லூரியிலும் யூடியூபிலும். மேலே எழுதத் தெரியும், அடியில் நடப்பது தெரியாது. ஒரே சிப்பில் இரண்டு மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றுக்காக ஒன்று எப்படிக் காத்திருக்கிறது, எப்போது எல்லாம் சிக்கி நின்றுவிடுகிறது, மெமரியில் எது எங்கே தங்குகிறது, இதையெல்லாம் அடிவரை போய்ச் சொல்லும் புத்தகம் வேண்டும். சிஸ்டம்ஸ் புரோகிராமிங், அதிலும் அட்வான்ஸ்டு என்று கேள். எனக்குப் பெயர் தெரியாது. தெரிந்திருந்தால் இங்கே இருந்திருக்க மாட்டேனோ என்னவோ.

வெளியிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு புத்தகத்துக்குத்தான் அனுமதி. கெட்டி அட்டை கூடாது. சரிபார்த்து என் கைக்கு வர ஒரு மாதம் ஆகும். தப்பான புத்தகம் வந்தால் அத்தனை நாளும் வீண். பார்த்து வாங்கு.

ஒரு நாள் மனு போட்டு என்னைப் பார்க்க வா. தரணிக்கு என் முத்தம்.

அன்புத் தம்பி,
அருண்

*

திருப்பூர்
29 மார்ச் 2024

அன்புள்ள தம்பி அருணுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவை வெள்ளகோவில் வைத்தியரிடம் கூட்டிப்போனோம். எண்ணெய் கொடுத்திருக்கிறார், இப்போது எழுந்து நடக்கிறார். தரணிக்குப் பரீட்சை நடக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. வெயில் ஆரம்பித்துவிட்டது, தண்ணீர் நிறையக் குடி.

கோயமுத்தூர் போய் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு கடையிலும் ஒரே கேள்வி. “எக்ஸாமுக்குங்களா, இன்டர்வியூக்குங்களா?” “ரெண்டும் இல்லீங்க.” “அப்புறம் எதுக்குங்க?” நான் பதில் சொல்லாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவேன். நீ எழுதியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசிக் கடையில் இருந்தவர், கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை அனுப்பியிருக்கிறேன். தடிமனாகத்தான் இருக்கிறது.

கண்ணு, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நடந்தது நடந்துவிட்டது. அதையே தோண்டித் தோண்டி எதற்கு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய்? நல்ல கதைப் புத்தகம் எதுவும் வேண்டுமென்றாலும் எழுது, அனுப்புகிறேன்.

உன் மச்சான் உன்னை விசாரித்தார். மனு பார்க்க வரவேண்டும் என்றுதான் இருக்கிறேன், பட்டறையில் வேலை ஒழியவில்லை.

உன் அக்கா,
இந்துமதி

*

மத்திய சிறை
6 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அம்மா நடக்கிறார் என்று படித்ததும் மனசு லேசானது.

புத்தகம் போன வாரம் கைக்கு வந்தது. சிரிக்காதே அக்கா, அட்டையிலேயே ‘பத்து நாளில் கற்றுக்கொள்ளலாம்’ என்று போட்டிருக்கிறது. கல்லூரியில் முதல் வருஷம் இதே மாதிரி ஒன்றை வைத்துத்தான் பாஸ் ஆனேன். இரண்டு எண்களைக் கூட்டுவது, பெயரைத் திரையில் காட்டுவது. பக்கத்து அறையில் இருக்கும் ஒருவருக்குக் கம்ப்யூட்டர் படிக்க ஆசை. அவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் எனக்கும் சேர்த்துச் சந்தோஷப்படட்டும்.

கடைக்காரர்களை விட்டுவிடு. தாராபுரம் ரோட்டில் அவிநாசிபாளையம் பக்கத்தில் கல்லூரிகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் யாராவது ஒருவரிடம் போய்க் கேள். போர்டில் இருக்கும் சிப்பின் பெயர், அதில் ஓடும் இயங்குதளத்தின் பெயர் இரண்டையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதைக் காட்டினால் போதும்.

தோண்டாதே என்று எழுதியிருந்தாய். முடியவில்லை அக்கா. பைண்டிங்கில் கழித்துப்போடும் தாள்களின் பின்பக்கத்தில் என் புரோகிராமை ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் இல்லை, அதனால் நானே கம்ப்யூட்டர். ஒரு நொடியில் அது செய்வதை எழுதி முடிக்க எனக்கு நான்கு நாள் ஆகிறது.

செல்லத்தாய் அக்காவைப் பார்த்தாயா? புருஷன் மூக்கையா அண்ணன் போன பிறகு அவர் திருப்பூரிலேயே இருக்கிறாரா, ஊருக்குப் போய்விட்டாரா? கோர்ட்டில் என் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நீ எப்போது வருவாய்? மனுவுக்குப் பெயர் கூப்பிடும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அருண்

*

திருப்பூர்
20 ஜூன் 2024

அன்புள்ள தம்பிக்கு,

ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். தரணி ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளிக்கூடம் திறந்த அலைச்சல்.

நீ சொன்ன மாதிரியே விசாரித்து, ஒரு கல்லூரியில் பிரிசில்லா என்ற டீச்சரைப் பார்த்தேன். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். அப்பா இங்கே பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்து படிக்கவைத்தாராம். நல்ல பெண். உன் தாளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“இதை யாரு எழுதினாங்க? உங்க தம்பியா? எத்தனை டாஸ்க் ஓடுது?”

“எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அவனுக்கு ஒரு புஸ்தகம் வேணும்னான்.”

“சும்மா படிக்கவா, எதையாவது தேடுதாங்களா?”

தேடுகிறான் என்று சொன்னேன். விஷயத்தையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் ஒரு தாளில் மூன்று புத்தகத்தின் பெயர் எழுதினார். முதலில் எழுதியதை வட்டம் போட்டு, “இது ஒண்ணு போதும், மத்ததெல்லாம் பெருசாப் பேசும், இதுதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவும்” என்றார்.

அது எங்கேயும் ஸ்டாக் இல்லையாம். வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதனால் இரண்டாவதாக எழுதியதை வாங்கி அனுப்பியிருக்கிறேன். அதுவும் பெரிய புத்தகம்தான், தொள்ளாயிரம் பக்கம். பொறுமையாகப் படி.

செல்லத்தாய் இங்கேதான் இருக்கிறார். ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. நான் போய்ப் பார்க்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள் சாமி.

அக்கா,
இந்துமதி

*

மத்திய சிறை
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஆடிக் காற்று இங்கே மதிலுக்குள்ளும் வருகிறது. பசை தடவிய தாள் எல்லாம் பறக்கிறது.

தொள்ளாயிரம் பக்கமும் படித்துவிட்டேன். பெரிய பெரிய கம்ப்யூட்டர்களைப் பற்றிய புத்தகம் அது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இயந்திரங்கள். என் போர்டு உள்ளங்கை அகலம். ஆனாலும் ஒரு அதிகாரம் உதவியது. இரண்டு வேலைகள் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு நிரந்தரமாக நின்றுபோவதற்கு நான்கு காரணங்கள் ஒன்றாகச் சேர வேண்டும் என்கிறது. என் முப்பத்துநான்கு பக்கத்திலும் தேடினேன். நான்கில் இரண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் எப்படித் தொங்கியது? நான் எதையோ பார்க்காமல் விடுகிறேன். எனக்கு அந்த முதல் புத்தகம் வேண்டும் அக்கா. வட்டம் போட்டது.

உனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று பிரிசில்லா டீச்சருக்கே ஒரு கடிதம் போட்டுவிட்டேன். கல்லூரியின் பெயர் அந்தப் புத்தகத்தின் பார்சலில் நீ ஒட்டியிருந்த பழைய உறையில் இருந்தது. பழைய பதிப்பு ஏதாவது கல்லூரி நூலகத்தில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். தப்பாக நினைக்க மாட்டாரே?

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அருண்

*

அவிநாசிபாளையம்
19 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய அருண்குமார் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்கக் கர்த்தரிடம் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. கல்லூரி முகவரிக்குச் சிறையிலிருந்து கடிதம் வந்ததும் அலுவலகத்தில் கொஞ்சம் கலவரமாகிவிட்டது. நான் விளக்கிச் சொன்னேன். நீங்கள் அதற்காகச் சங்கடப்பட வேண்டாம்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. அந்தப் புத்தகம் கடையில் கிடைக்காது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் என்னுடைய பிரதியையே அன்று உங்கள் அக்காவின் கையில் கொடுத்தேன். எந்த அதிகாரத்தை முதலில் படிக்க வேண்டும் என்று பென்சிலில் குறித்துக்கூடக் கொடுத்தேன். பையில் வைத்துக்கொண்டுதான் போனார். உங்களுக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வழியில் தொலைந்திருக்கலாம்.

பரவாயில்லை. என்னுடன் படித்த தோழி பெங்களூரில் இருக்கிறாள். அவளுடைய பிரதியை வரவழைத்து உங்கள் சிறைக் கண்காணிப்பாளர் பெயருக்கே ஒரு விண்ணப்பத்தோடு அனுப்பியிருக்கிறேன். ஏழாம் அதிகாரத்தை முதலில் படியுங்கள். பஃபரைப் பற்றியது. ஏன் என்று நான் சொல்லப் போவதில்லை. உங்கள் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீங்களே பார்ப்பதுதான் முறை.

இப்படிக்கு,
பிரிசில்லா

*

மத்திய சிறை
26 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா?

பிரிசில்லா டீச்சர் பதில் போட்டார். புத்தகத்தை உன் கையிலேயே கொடுத்ததாக எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு யோசித்தேன். பள்ளிக்கூடம் திறந்த நேரம், உனக்கு ஆயிரம் வேலை, பஸ்ஸில் விட்டிருப்பாய். டீச்சரிடம் சொல்ல வெட்கப்பட்டு ஸ்டாக் இல்லை என்று எனக்கு எழுதியிருப்பாய். அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்று ஒரு வரி எழுதிப் போடு.

அருண்

*

மத்திய சிறை
10 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? ஆறு வாரமாகப் பதில் இல்லை. போன் செய்தாலும் எடுப்பதில்லை. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? தரணிக்கா? எதுவானாலும் எழுது.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மூன்றாவது புத்தகம் வந்துவிட்டது. ஏழாம் அதிகாரம். நான் மெதுவாகச் சொல்கிறேன், நீயும் மெதுவாகப் படி.

மெஷின் ஓடும்போது என் போர்டு நொடிக்கு ஒரு வரி எழுதிவைக்கும். நேரம், வேகம், மூடி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா. அன்றைக்கு அந்த லோடு ஓடத் தொடங்கியதிலிருந்து மெயின் சுவிட்சை அணைக்கும் வரை மூன்று நிமிஷம் எழுதியிருக்கிறது. நூற்று எண்பது வரி. எல்லாவற்றிலும் ‘மூடி மூடியிருக்கிறது’ என்றே இருக்கிறது. இது குற்றப்பத்திரிகையிலேயே உண்டு. நிபுணர் என்ன சொன்னார்? மூடி திறக்கும் முன்பே புரோகிராம் தொங்கிவிட்டது, இந்த வரிகள் எல்லாம் பஃபரில், அதாவது எழுதுவதற்கு முன் தேக்கிவைக்கும் இடத்தில், ஏற்கெனவே கிடந்த மிச்சம், பின்னால் தானாக வெளியே வந்தது என்றார். நான் நம்பினேன். அந்த வரிகளை எழுதிவைக்கும் பகுதி மட்டும் சிப் கம்பெனி கொடுத்தது. அதன் உள்ளே நான் ஒரு நாளும் எட்டிப்பார்த்ததில்லை.

அதன் உள்ளே எப்படிப் பார்ப்பது என்று ஏழாம் அதிகாரம் சொல்லிக்கொடுத்தது. அச்சுப்படியில் இருபத்தொன்பதாம் பக்கம். தேங்க இடம் பதினாறு வரிக்குத்தான். பதினாறு!

பதினாறு வரி தங்கும் இடத்தில் நூற்று எண்பது வரி எப்படித் தேங்கும்? தேங்காது அக்கா. மூன்று நிமிஷமும் என் புரோகிராம் உயிரோடு இருந்தது. நொடிக்கு ஒரு தடவை சுவிட்சைக் கேட்டது. சுவிட்ச் ஒவ்வொரு தடவையும், மூடியிருக்கிறது என்றே சொன்னது. அவர் கை உள்ளே இருந்தபோதும் சொன்னது.

இதை எழுதிய தாளை நான்கு முறை சரிபார்த்தேன். பிறகு பைண்டிங் மேஜையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். வார்டர் வந்து, “என்னப்பா, உடம்புக்கு என்ன?” என்று கேட்டார். இரண்டு வருஷம் அக்கா. கண்ணாடியில் ஒரு கொலைகாரனைப் பார்த்துக்கொண்டு ஷேவ் செய்திருக்கிறேன்.

யாரோ சுவிட்சைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். பிறகு அதைக் கழற்றியும் இருக்கிறார்கள். எலக்ட்ரீசியன் திருமூர்த்திக்குத் தெரியாமல் நடந்திருக்காது. மச்சான் அப்போது ஊரில் இல்லை. நீ பட்டறையில்தான் இருந்தாய். திருமூர்த்தியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள். யார் சொல்லிச் செய்தார் என்று கேள். இந்த உலகத்தில் எனக்காகக் கேட்க உன்னை விட்டால் யாரும் இல்லை.

உன் பதிலுக்காக,
அருண்

*

திருப்பூர்
8 நவம்பர் 2024

தம்பி,

அம்மாவும் தரணியும் நலம். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் அங்கே அதிகாரிகள் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

திருமூர்த்தியை நான் கேட்க வேண்டியதில்லை. சொன்னவள் நான்.

அந்த வாரம் உன் மச்சான் டெல்லியில் சரக்கு எடுக்கும் பையரோடு மீட்டிங்கில் இருந்தார். சனிக்கிழமை சரக்கு போயாக வேண்டும். ஹைட்ரோவில் துணி மலை மாதிரி குவிந்து கிடந்தது. நான் திருமூர்த்தியைக் கூப்பிட்டேன்.

“ஏனுங்க, டிரம் நிக்கறக்கே ஒவ்வொரு லோடுக்கும் நாலு நிமிசம் போகுதுங்களே. நிக்காமயே மூடியத் தெறக்க வழி இல்லீங்களா?”

“இருக்குதுங்க. சுவிட்சுல ஒரு துண்டு ஒயரைப் போட்டுட்டா, மூடி மூடியிருக்குதுன்னே போர்டு நெனைச்சுக்கும். ஆனா தம்பி அப்படிச் செய்யவே கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க.”

“தம்பிகிட்ட நான் சொல்லிக்கறேனுங்க. ரெண்டே நாளைக்குத்தான். போடுங்க.”

உன்னிடம் நான் சொல்லவில்லை. மறந்துகூடப் போய்விட்டேன் தம்பி, அதுதான் எனக்கே தாங்கவில்லை. சரக்கு போகிறதே என்ற நிம்மதியில் மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் அலறல் கேட்டபோதுதான் நினைவு வந்தது. உன் மச்சான் முதல் பிளைட்டில் வந்தார். போலீஸ் போர்டைத் திறப்பதற்குள் ஒயரை எடுத்துவிட்டார். என்னிடம், “வாயத் தொறக்காத. தரணிய நெனைச்சுக்க” என்றார்.

நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அதற்குள் நீயே வந்து, “என் புரோகிராம்தான் அக்கா, நான்தான்” என்று என் மடியில் விழுந்து அழுதாய். உன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். நீ சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. வேறு எந்தச் சொல்லும் அதற்குக் கிடையாது.

முதல் புத்தகத்தைத் தெரிந்தேதான் வாங்கினேன். கடைக்காரர் இரண்டு எடுத்துக் காட்டினார், ஒன்று ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு என்றார். அதைப் போடச் சொன்னேன். பிரிசில்லா டீச்சர் உன் வழக்கைக் கேட்டதும் ஒரே நிமிஷத்தில், “பதிவு ஓடிக்கிட்டே இருந்துச்சுன்னா புரோகிராம் தொங்கியிருக்காதே! இந்த அதிகாரத்தைப் படிச்சா அவங்களே கண்டுபிடிச்சிருவாங்க” என்று சந்தோஷமாகச் சொன்னார். அவர் கொடுத்த புத்தகத்தை வீட்டுக்கு வந்ததும் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தேன். உனக்கு வேறொன்றை அனுப்பினேன். மனு பார்க்க ஏன் வரவில்லை என்று இப்போது உனக்குத் தெரியும்.

தீபாவளிக்குப் பட்டறை மூடியிருந்தது. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு செல்லத்தாய் இருக்கும் லைன் வீட்டுக்குப் போனேன். லைனில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் இருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்.

“மூடியத் தொறந்து வச்சுக்கிட்டு ஓட்டச் சொல்லுதாவ, எனக்குப் பயமா இருக்குன்னு அவுக ரெண்டு நாளா எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாவ. நாந்தான், மொதலாளியம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், போங்கன்னு அனுப்பிவச்சேன்.”

பிறகு, “நீங்க போங்க” என்றார்.

நேற்று வக்கீலை அழைத்துக்கொண்டு போய் வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒயர் போடச் சொன்னதையும், எடுத்ததையும். உன் மச்சான் என்னோடு பேசுவதில்லை. உனக்கு மேல்முறையீட்டுக்கும் ஜாமீனுக்கும் வக்கீல் மனு போடுகிறார், கையெழுத்து வாங்க வருவார். மறுக்காதே.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

இந்துமதி

*

மத்திய சிறை
6 டிசம்பர் 2024

இந்துமதி அவர்களுக்கு,

நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மனு பார்க்க வந்திருந்தீர்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். வந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதை ஒரு கதை மாதிரிதான் படிக்க முடிகிறது. அதில் வரும் அக்கா யாரோ.

ஜாமீன் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வெளியே வந்தால் குண்டடத்துக்குப் போவேன். திருப்பூருக்கு வர மாட்டேன்.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

நான் குற்றமே இல்லாதவன் என்று வக்கீல் எழுதுகிறார். அப்படியும் இல்லை. சுவிட்ச் சொன்னதை என் புரோகிராம் கேள்வி கேட்காமல் நம்பியது. ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் நடுவில் மூடி ஒரு தடவையாவது திறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் துணியை எப்படி எடுப்பது? திறந்ததாகச் சுவிட்ச் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்றால் அது பொய் சொல்கிறது, மோட்டாரைக் கிளப்பாதே. நான்கு வரிதான். அன்றைக்கு அந்த நான்கு வரி இருந்திருந்தால் ஒயர் போட்ட பிறகு இரண்டாவது லோடே ஓடியிருக்காது. தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பிரிசில்லா டீச்சரிடம் கொடுத்தால் போர்டில் ஏற்றித் தருவார்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் ‘ஒயரைப் போடுங்க’ என்றுதான் இருக்கிறது. எத்தனை மெஷினில் என்று இல்லை. அந்த வாரம் நான்கும் ஓடின. மச்சான் ஒயர் எடுத்தது போலீஸ் திறக்கப்போகும் ஒன்றில். மற்ற மூன்றையும் அதற்குப் பிறகு யாராவது திறந்து பார்த்தீர்களா?

இதைப் படித்த உடனே மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். நாளைக்கு இல்லை. ஷிப்ட் முடியட்டும் என்று இல்லை.

அருண்குமார்

*

திருப்பூர்
11 டிசம்பர் 2024

தம்பி,

நீ சுகமாக இரு. உன் கடிதம் இன்று பதினொன்றரை மணிக்கு வந்தது. வாசலில் நின்றே படித்தேன். அப்படியே ஓடிப்போய் மெயினை நானே அணைத்தேன். உன் மச்சான் கத்தினார். டிரம் நிற்கும் வரை நாலு நிமிஷமும் அங்கேயே நின்றேன்.

திருமூர்த்தி மூன்றையும் திறந்தார். ஒன்றாவதில் எதுவும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. நான்காவதில் ஒயர் இருந்தது.

“ரெண்டுல போட்டனுங்க. அய்யா எல்லாத்தையும் எடுத்துட்டாருன்னு நெனைச்சுட்டனுங்க” என்று சொல்லிவிட்டு அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷம் நாலு மாதம். ஒரு ஷிப்டுக்கு இருபது லோடு.

அந்த மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒடிசாக்காரர். பெயர் நிரஞ்சனாம். தீபாவளி முடிந்து வேலைக்குச் சேர்ந்தவர், இதற்கு முன் நான் அவரிடம் பேசியதே இல்லை. எனக்கு இந்தி வராது. கையைக் காட்டுங்கள் என்று சைகை செய்தேன். ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்து, ஈரத்தை லுங்கியில் துடைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

இந்துமதி